இரண்டாவது கிற்றார்

ஊர்காவற்றுறையைச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர், என் பழைய மாணவர், சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தார். வார நாட்களில் நெடுந்தீவிற் கற்பிக்கிறார். வெள்ளி மாலையில் குறிகட்டுவான் துறைக்குப் படகேறி வந்து, ஞாயிற்றுக்கிழமை தம் ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவில் மின்கிற்றார் வாசிக்கிறார். பத்தாண்டுகளாக ஒரே கிற்றார். அதன் மீது அவர் கொண்டிருக்கும் அன்பு ஊரறிந்தது.

“சேர், கொஞ்சம் காசு சேர்த்து வைச்சிருக்கிறன். இதுக்குத் துணையா இன்னொரு கிற்றார் வாங்கலாமெண்டு யோசிக்கிறன். எது பொருந்துமெண்டு நினைக்கிறியள்?” என்று கேட்டார்.

வாசகர் சிலர் நகைக்கக்கூடும். கோடை வந்தால் குடிநீருக்குக் குடத்தோடு காத்து நிற்கும் தீவுகளில் இரண்டாவது கிற்றார் ஒரு பிரச்சினையா? ஒன்றே ஆடம்பரமன்றோ? இந்த நகைப்பில் எனக்கு உடன்பாடில்லை. வறியவனுக்கு இசை எதற்கு என்பது எப்பொழுதும் வயிறு நிறைந்தவன் எழுப்பும் கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது. உழைக்கும் மனிதனுக்கு உணவு வேண்டும். உணவோடு நாதமும் வேண்டும். ஆகவே இளைஞரின் கேள்வியை நான் கேள்வியாகவே ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதிலிருந்த ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. ‘துணை’ என்றாரே, துணை என்பது என்ன?

முதலிற் கருவிநூலார் கூறும் விடையைப் பார்ப்போம். அவரிடமிருப்பது டெலிகாஸ்டர் வகைக் கிற்றார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை 1950-51 ஆம் ஆண்டுகளில் சந்தைக்குக் கொண்டுவந்த வடிவம் அது. தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருள் அதில் ஒற்றைச் சுருள். அதனால் ஒலி கூர்மையாகவும் தெளிவாகவும் பிறக்கிறது; ஆனால் சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலும் கூடவே நுழைந்துவிடுகிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955 இல் இதற்கொரு வழி கண்டார். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இரு சுருள்களை வைத்தார். காந்த முனைகளும் மின்திசையும் எதிரெதிராக இருக்குமாறு அவற்றை அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராகச் சந்தித்து அழிகிறது. தந்தியின் நாதமோ ஒன்று சேர்ந்து கனக்கிறது. ‘ஹம்பக்கர்’ எனப்படும் இந்த இரட்டைச் சுருள் 1957 முதல் லெஸ் பால் கிற்றாரில் இடம்பெற்றது.

எனவே அறிந்தோர் சொல்வது இதுதான்: ஒற்றைச் சுருள் உள்ளவன் இரட்டைச் சுருளை வாங்குக, கூர்ங்குரல் உள்ளவன் கனத்த குரலைத் தேடுக, இருப்பதையே மீண்டும் வாங்காதே. நல்ல அறிவுரை. ஒரே தன்மையுடைய இரண்டு சேர்ந்தால் அது துணையன்று, வெறும் பெருக்கம். வேறுபாட்டிலேதான் துணை பிறக்கிறது.

எனினும், இருப்பதன் குறை எதுவென்று அறியாமல் அதற்குத் துணை தேடுவது எங்ஙனம்? ஆகவே நான் அவரிடம் கேட்டேன்: “இந்தக் கிற்றாரால் உமக்கு வாசிக்க முடியாமற் போனது எது?”

அவர் நெடுநேரம் சிந்தித்தார். பிறகு சொன்னார்: “மெட்டை வாசிக்கப் போனால், அடியில நிக்க வேண்டிய சுரக்கூட்டு இல்லாமப் போயிடுது சேர். சுரக்கூட்டைப் பிடிச்சால் மெட்டு இல்லை. பாட்டு பாதியாக் கேக்குது.”

முன்பெல்லாம் பாட்டு முழுமையாகக் கேட்டதா என்றேன். கேட்டதாம். சுரக்கூட்டு வாசிக்க நண்பர் ஒருவர் இருந்தாராம். மூன்றாண்டுகளுக்கு முன்னர் அவர் தம் கிற்றாரையும் விற்றுவிட்டுப் பிரான்சுக்குப் போய்விட்டார்.

அன்பர்களே, இங்கே கேள்வியே மாறிவிடுகிறது. அவருக்குக் குறைந்திருந்தது கருவியன்று, ஆள். ஒரு மனிதனுக்கு இரண்டு கைகளே உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கிற்றாரையே அவன் மீட்ட முடியும். எத்துணைச் சிறந்த இரண்டாவது கிற்றாரை வாங்கினாலும், முதலாவது பாடும்போது அது சுவரிலே மௌனமாகத் தொங்கும்.

நம் முன்னோர் இசையில் இந்த உண்மை மறைவாக இருந்ததில்லை. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போனவர்கள் மேளக் கச்சேரியைக் கேட்டிருப்பார்கள். நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒரு காலத்தில் ‘ஒத்து’ என்றொரு குழல் ஒலித்தது. உருவத்தில் நாதஸ்வரம் போன்றதே. ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் இல்லை. ஆதார சுருதி ஒன்றை மட்டும் இடைவிடாது ஊதுவதே அதன் பணி. ஊதியவர் ஒரு மனிதர். கச்சேரியின் சன்மானத்தில் அவருக்கும் ஒரு சிறு பங்கு இருந்தது. பின்னர் சுருதிப்பெட்டி வந்தது. சுருதி நின்றது; மனிதர் மறைந்தார். அவர் எங்கே போனார் என்று இரசிகர்களில் எத்தனை பேர் கேட்டோம்?

இரண்டாவதாக வந்த கருவி முதலாவதையே அகற்றியதும் உண்டு. திமிரி என்ற குறுகிய, உச்சச் சுருதி கொண்ட நாதஸ்வரத்தின் இடத்தை நீண்டதும் தாழ்ந்த சுருதி கொண்டதுமான பாரி பிடித்துக்கொண்டது. 1956 இல் மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் பெயர் அந்த மாற்றத்தோடு பிரியாது இணைந்தது. இசைக்கு அது வளர்ச்சியே, மறுக்கவில்லை. ஆனால் துணை என்று அழைக்கப்பட்டு வருவதெல்லாம் துணையாகவே நிலைப்பதில்லை என்பதற்கு அதுவும் சான்று.

மேனாட்டு இளைஞர் குழுக்களிலும் இதே நியதியைக் காண்கிறோம். பீட்டில்ஸ் குழுவின் ஆரம்ப ஆண்டுகளில் ஜோன் லெனன் கையில் ரிக்கன்பேக்கர். ஜோர்ஜ் ஹரிசன் கையில் கிரெட்ச். இரண்டு கிற்றார்கள், இரண்டு குரல்கள். அவற்றின் பின்னே இரண்டு மனிதர்கள். சந்தையோ இந்தப் படத்திலிருந்து மனிதரை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு கருவிகளையும் ஒருவனுக்கே விற்கப் பார்க்கிறது. தோழமையின் குறையைப் பொருளின் குறையாக மாற்றிக் காட்டுவதே அதன் வித்தை. பொருளை வாங்கிய பின்னரும் குறை தீராதபடியால், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடமுண்டாகிறது.

தீவுப்பகுதியில் இந்தக் குறை கற்பனையன்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் யுத்தத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வேரூன்றிவிட்டனர். கூரையற்ற வீடுகளின் முற்றங்களில் இன்றும் வடலிகள் முளைத்து நிற்கின்றன. அங்கிருந்து பணம் வருகிறது, பொருள் வருகிறது. பக்கத்தில் அமர்ந்து சுரக்கூட்டுப் பிடித்தவன் வருவதில்லை.

அப்படியானால் இரண்டாவது கிற்றார் வேண்டாமா? வேண்டும் என்றே சொன்னேன். ஆனால் இன்னொருவர் கைக்காக வாங்குமாறு சொன்னேன். நெடுந்தீவுப் பாடசாலையில் அவர் மாலையில் வாசிக்கும்போது யன்னலோரம் வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுள் ஒருவருக்காக அதைத் தேர்ந்தெடுக்கலாமே!

அவர் தயங்கினார். “பிள்ளைகள் உடைச்சுப் போட்டால்?” என்றார். அந்தத் தயக்கத்தைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவை அண்மித்ததையும், ஆசிரியச் சம்பளம் அதன் பின்னே ஓடி இளைத்ததையும் நாமெல்லாம் அறிவோம். அவர் சேர்த்த காசு வியர்வைக் காசு. அதைத் தானஞ்செய் என்று நான் சொல்லவில்லை. தானத்தில் கொடுப்பவன் மேலே நிற்பான். பெறுபவன் கீழே நிற்பான். கூடி வாசிப்பதில் மேலும் கீழுமில்லை. கிற்றார் அவருடையதாகவே இருக்கட்டும், வாசிப்பு இருவருடையதாகட்டும்.

இந்த நோக்கத்தோடு பார்த்தால், கருவி பற்றிய கேள்விக்கும் விடை எளிதாகிறது. விலையுயர்ந்தது வேண்டாம், கீழே விழுந்தாலும் தாங்குவது போதும். நெடுந்தீவு நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சிலேதான் கைச்சாத்தாயிற்று. மின்சாரத்தின் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருளே அத்தகைய இடத்துக்கு உகந்தது. டெலிகாஸ்டரின் தந்தி நீளம் இருபத்தைந்தரை அங்குலம். லெஸ் பால் வகையினதோ இருபத்துநாலே முக்கால். நீளங் குறைந்தால், அதே சுருதியில் தந்தியின் இறுக்கமும் குறையும். கட்டைகளும் நெருங்கி நிற்கும். சிறிய விரல்களுக்கு அது இதம். ஒலிபெருக்கியின்றி மின்கிற்றார் ஏறக்குறைய ஊமை. ஆகவே இரு கிற்றார்களையும் ஒருங்கே ஏற்கும் ஒலிபெருக்கிக்கும் காசில் ஒரு பங்கை ஒதுக்கவேண்டும்.

பாருங்கள், அறிந்தோர் சொன்ன அதே கருவிக்குத்தான் நாமும் வந்து சேர்ந்திருக்கிறோம். ஆனால் வந்த வழி வேறு. அது தொங்கப்போகும் தோளும் வேறு.

இளைஞர் எழுந்து வாசலில் செருப்பை மாட்டியபடி, “அப்ப, கடைக்குப் போறதுக்கு முதல் நான் ஆளைத் தேட வேணும், சேர்” என்றார்.

அவர் இன்னும் எதையும் வாங்கவில்லை. பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அவருடைய பழைய கிற்றாரிலேயே மூன்று சுரக்கூட்டுகளைப் பிடிக்கப் பழகியிருக்கிறாளாம். அவள் வாசிக்கும்போது அவர் மெட்டை வாயாற் பாடுகிறார். இப்பொழுதுதான் இரண்டாவது கிற்றார் உண்மையாகவே தேவைப்படுகிறது என்று கடிதம் எழுதியிருக்கிறார்.