முடிவில் மாணவருக்கும் பங்கு

வகுப்பறை அதிகாரத்தைப் பகிர்வது, ஆசிரியர் தம் பொறுப்பைக் கைவிடுவதன்று. மாணவரைத் தொடும் முடிவுகளில் அவர்களின் கருத்துக்கும் எடை கொடுப்பதாகும். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துரைக்கும் உரிமையைச் சிறுவருக்கு அளிக்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்பட வேண்டும். இலங்கை 1991இல் இச்சமவாயத்தை உறுதிப்படுத்தியது. இலங்கைப் பாடசாலைகளின் மாணவர் பாராளுமன்றங்களும் இந்த உரிமைக்கு இடம் தருபவை. ஆயினும் அன்றாட முடிவுகள் பிறக்குமிடம் வகுப்பறையே.

பாடத்திட்டமும் பொதுப் பரீட்சையும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. அவற்றை ஒரு வகுப்பு மாற்ற இயலாது. ஆனால் வகுப்பு விதிகள், இருக்கை ஒழுங்கு, குழு அமைப்பு, செயற்றிட்டத் தலைப்பு, வீட்டுவேலையின் அளவு ஆகியவற்றைச் சேர்ந்து தீர்மானிக்கலாம். ஆசிரியர் முதலில் எல்லையைச் சொல்லி, தெரிவுகளை முன்வைத்து, காரணங்களைக் கேட்க வேண்டும். எடுத்த முடிவை எழுதிவைத்து, சில வாரங்களின் பின் மீளாய்வு செய்ய வேண்டும். கைதூக்கும் வாக்கெடுப்பில் கூச்சமுள்ள பிள்ளையின் கருத்து அமுங்கிவிடும். சீட்டில் எழுதிக் கேட்டால் அதுவும் வெளிவரும்.

கனகராயன்குளம் போன்ற வன்னி ஊர்களில் தொலைவிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் பேருந்திலும் வரும் பிள்ளைகளின் சிரமம் அவர்களுக்கே நன்கு தெரியும். மேலதிக வகுப்பின் நேரத்தை அவர்களைக் கேட்டே குறிப்பது நியாயம். தாம் சேர்ந்து எடுத்த முடிவைக் காக்கும் கடமையையும் மாணவர் இப்படித்தான் கற்கின்றனர். ஒவ்வோர் ஆசிரியரும் வாரத்துக்கு ஒரு முடிவையாவது மாணவருடன் கலந்து எடுக்கட்டும்.