அறியாதிருக்கும் உரிமை எதுவரை?

உபரி இரும்பை வெளியேற்ற மனித உடலுக்கென்று தனி வழி எதுவும் கிடையாது. ஹீமோகுரோமட்டோசிஸ் என்னும் பரம்பரை நோயில் குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சுகிறது. கல்லீரலிலும் கணையத்திலும் இதயத்திலும் மூட்டுகளிலும் அது பல ஆண்டுகள் ஓசையின்றிப் படிகிறது. இதற்குக் காரணமான எச்எஃப்இ மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. அயர்லாந்தில் ஏறத்தாழ 83 பேரில் ஒருவர், சி282ஒய் என்ற மரபணு மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றிருக்கிறார். அவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு, மாதவிடாயில் இரும்பு குறைவதால், பாதிப்பு குறைவு.

பெற்றோர் இருவரும் அந்த மாற்றத்தின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், நோயாளியின் உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் அதே நிலை அமைய 25 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே அண்ணனின் பரிசோதனை முடிவு தம்பியைப் பற்றிய செய்தியும்கூட. அதைக் கேட்க மறுக்கத் தம்பிக்கு உரிமை உண்டா? 1997இல் யுனெஸ்கோ வெளியிட்ட மனித மரபணுத் தொகுதி பற்றிய பிரகடனம், தன் மரபணுச் சோதனை முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. ஹன்டிங்டன் நோயில் இந்த உரிமைக்குப் பெரும் வலு இருக்கிறது. அதைத் தடுக்கவோ குணப்படுத்தவோ வழியில்லாததால், முன்கூட்டியே அறிவது சிலருக்கு வெறும் பாரமாகிவிடும்.

இரும்பு மிகைப்பு நோயின் கதை வேறு. ஒருமுறை அரை லிட்டர் அளவு ரத்தம் எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலை விட்டுப் போகிறது. கல்லீரல் சுருங்குவதற்கு முன்பே இதைத் தொடங்கியவர்கள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். அறியாமை இங்கே காப்பது தற்காலிக நிம்மதியை மட்டுமே; கல்லீரலை அல்ல. மேலும், மறுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்றே தெரியாதவர் எந்த உரிமையையும் பயன்படுத்துவதில்லை. அவருக்காக வேறொருவர் முடிவெடுத்துவிடுகிறார். எனவே குடும்பத்தில் இப்படியொரு நோய் இருக்கிறது என்று உடன்பிறந்தாரிடம் சொல்வது கடமை. சோதித்துக்கொள்வதா என்பது அவர்கள் முடிவு.

அந்த முடிவு சுதந்திரமானதாக இருக்க வேண்டுமானால் காப்பீட்டைப் பற்றிய அச்சம் இருக்கக் கூடாது. அயர்லாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டு நிறுவனங்கள் மரபணுச் சோதனை முடிவைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டமோ மருத்துவக் காப்பீட்டோடும் வேலைவாய்ப்போடும் நின்றுவிடுகிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அதன் பாதுகாப்பு இல்லை. அந்த இடைவெளி இருக்கும்வரை அங்கே ஒருவர் சோதனையைத் தவிர்ப்பதை அவருடைய தெளிவான விருப்பம் என்று மட்டும் கொள்ள முடியாது. சிகிச்சைக்கும் இதே நியாயம் பொருந்தும். தொடக்கத்தில் வாரந்தோறும், பிறகு ஆயுள் முழுக்க அவ்வப்போது ரத்தம் எடுக்க வேண்டியவருக்கு அந்த வசதி எட்டாத தூரத்தில் இருந்தால், சோதித்துக்கொள்ளச் சொன்ன சமூகம் தன் பங்கைச் செய்யவில்லை.