அடுத்த வீட்டுச் சாவி



விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிற நம் திருவாலங்காட்டு வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம். வாங்கி வைத்திருப்பவர் அந்த வீட்டுக்குச் சொந்தம் கொண்டாடுவதில்லை. அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பதில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். மாலையில் கேட்டதும் சாவியை எடுத்து நீட்டுகிறார். அப்படிச் சாவி வைத்திருந்த ஒரு முஸ்லிம் தாய் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அது அமானிதம், ஃபாதர். கேட்கிறப்ப அப்படியே கொடுக்கணும்."

அந்தச் சொல் பல நாள் என் செபத்திலும் கூடவே வந்தது. அமானிதம் என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டது. நம் முஸ்லிம் சகோதரர்கள் வீட்டிலும் கடையிலும் புழங்கும் இந்தச் சொல்லைத்தான் அவர்களுடைய அறிஞர்கள் அரசுக்கும் அடித்தளமாக வைத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்க வேண்டும் என்பதையும், மக்களிடையே நீதியோடு தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதையும் குர்ஆன் தன் 4ஆம் அதிகாரத்தில் ஒரே மூச்சில் கட்டளையிடுகிறது. நாடு ஆள்கிறவனுக்குச் சொந்தமில்லை. அது கடவுளுடையது, அவன் கையில் இருப்பது சாவி மட்டும். முஸ்லிம் ஆட்சித் தலைவரைக் குறிக்கும் 'கலீஃபா' என்ற சொல்லுக்கே, ஒருவருக்குப் பின் அவர் இடத்தில் நிற்பவர் என்றுதான் பொருள்.

கோவிலில் ஏன் இந்தப் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். முஸ்லிம் மக்களை மதிப்போடு நோக்கும்படி நம் திருச்சபை 1965ஆம் ஆண்டிலேயே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அடுத்த வீட்டில் விளக்கு எரிந்தால் அதன் வெளிச்சம் நம் முற்றத்திலும் விழும். அந்த வெளிச்சத்தில் நம் முகத்தையும் பார்த்துக்கொள்வோம்.

நபிகள் நாயகம் கி.பி. 632இல் இறந்தபின் மக்கள் அபூபக்கரைத் தலைவராக ஏற்றார்கள். அவர் தம் முதல் உரையிலேயே, தாம் அவர்களில் சிறந்தவர் அல்ல என்று சொன்னார். நல்லது செய்தால் துணை நிற்கவும், தவறினால் திருத்தவும் கேட்டுக்கொண்டார். எளியவனுக்கு அவன் உரிமையை மீட்டுத் தரும்வரை, அவனே தம் கண்ணில் வலியவன் என்றார். அவருக்குப் பின் வந்த உமர், தம் இறுதி நாள்களில் அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க 6 பேர் கொண்ட குழுவை அமைத்தார். ஆலோசனை சொல்லத் தம் மகனை அதில் அமர்த்தினார். ஆனால் பதவி அவருக்குக் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார். கலந்து பேசி முடிவெடுக்கும் இந்த முறைக்கு 'ஷூரா' என்று பெயர்.

இது எங்கோ பாலைவனத்து நீதி என்று எண்ணாதீர்கள். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய செப்பேடுகள் 1905இல் கிடைத்தன. பக்கத்துப் பழையனூரை இங்குள்ள கோயிலுக்குக் கொடையாக வழங்கி இராசேந்திர சோழர் பொறித்தவை அவை. மக்கள் அருள்மொழிவர்மரை அரசேற அழைத்ததாகவும், சிற்றப்பன் முறையான உத்தம சோழருக்கு நாட்டின்மேல் விருப்பம் இருந்தவரை அவர் அதை மனத்தாலும் நாடவில்லை என்றும் அந்தச் செப்பேடுகள் பேசுகின்றன. பின்னாளில் இராசராசர் என்று உலகம் அறிந்தவர் அந்த அருள்மொழிவர்மர்தான். பதவியைத் தேடி ஓடுகிறவனிடம் அதைக் கொடுக்காதீர்கள் என்று இஸ்லாமிய மரபு சொல்வதும் இதைத்தானே!

அன்புக்குரியவர்களே, இங்கே சற்று நின்று நம்மைக் கேட்டுக்கொள்வோம். பங்குப் பேரவையில், மகளிர் குழுவில், ஊராட்சியில் ஒரு பொறுப்பு வந்தால் நம் மனம் எப்படித் துள்ளுகிறது? அதை விட்டுக்கொடுக்கும் நாள் வந்தால் எப்படிச் சுருங்குகிறது? கொடுத்து வைத்த சாவியை என்றைக்கு நம் சாவி என்று நினைக்க ஆரம்பித்தோம்?

உமரைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். ஓர் இரவு மதீனாவுக்கு வெளியே நடந்துபோகிறார். ஒரு தாய் அடுப்பில் பானையை வைத்துக் கிளறிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் பசியில் அழுகின்றன. பானையில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. பிள்ளைகள் காத்திருந்தே தூங்கிவிடட்டும் என்றுதான் அவள் அதைக் கொதிக்க வைத்திருந்தாள். வந்திருப்பவர் யாரென்று தெரியாமல், எங்களைக் கவனிக்காத உமரைப் பற்றிக் கடவுளிடம் முறையிடுவேன் என்கிறாள். அவர் ஓடுகிறார். களஞ்சியத்திலிருந்து மாவு மூட்டையை எடுத்துத் தம் முதுகில் ஏற்றுகிறார். நான் தூக்கி வருகிறேன் என்கிறார் பணியாள். தீர்ப்பு நாளில் என் சுமையை நீ சுமப்பாயா என்று கேட்டுவிட்டு, தாமே சுமந்துபோய், அடுப்பை ஊதிச் சமைத்து, பிள்ளைகள் உண்டு சிரிக்கும்வரை அங்கேயே இருக்கிறார்.

அடுப்பை ஊதும்போது புகை படிந்த உமரின் தாடியை நினைக்கும்போதெல்லாம், தம் சீடர்களின் காலடியில் குனிந்த நம் ஆண்டவரின் முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது. நீதி என்பது கடைசியில் ஒரு குழந்தையின் பசிக்கு முன்னால் மண்டியிட வேண்டும். அங்கேதான் அது இரக்கமாகிறது.

இராசேந்திரர் காலத்தில் வாழ்ந்தவரும் பாக்தாத்தில் நீதிபதியாக இருந்தவருமான அல்மாவர்தி, ஆள்பவரின் கடமைகளை 10 என வகுத்து எழுதினார். பத்தாவது கடமையைக் கேளுங்கள்: நாட்டுக் காரியங்களை ஆள்பவர் தாமே நேரில் கவனிக்க வேண்டும், இன்பங்களில் மட்டுமல்ல, வழிபாட்டில் மூழ்கியும் அவற்றைப் பிறர் தலையில் கட்டிவிடக் கூடாது. பீடத்தின் முன் நிற்கிற என்னையே அந்த வரி உலுக்கியது. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நிற்பவரின் குரல் கேட்காமல் போன நாள்கள் எனக்கும் உண்டு.

இந்த நெறியைச் சொன்னவர்கள் எல்லோரும் அதன்படி ஆளவில்லை. விரைவிலேயே தந்தைக்குப் பின் மகன் என்று அரியணைகள் எழுந்தன. சிலுவையை உயர்த்திப் பிடித்த நம் அரசர்களும் ஏழைகளை மிதித்திருக்கிறார்கள். ஆனாலும் கடவுள் விளக்கை அணைத்துவிடவில்லை. 2019 பிப்ரவரி 4ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசும் அல் அசார் தலைமை இமாம் அகமது அல் தய்யிபும் அபுதாபியில் மனித உடன்பிறப்பு ஆவணத்தில் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். ஒரு நாட்டில் வாழும் எவரும் குறைந்தவராக நடத்தப்படாமல், முழுக் குடிமக்களாகச் சம உரிமையோடு வாழ வேண்டும் என்று அது கேட்கிறது.

நம்மில் யார் நாட்டை ஆள்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொருவரும் மேய்ப்பர்தான், தம் பொறுப்பில் உள்ளவர்களுக்காகக் கணக்குக் கொடுப்பவர்தான் என்பது நபிகள் நாயகத்தின் போதனை. அரசர் தம் மக்களுக்கு, பெற்றோர் தம் வீட்டுக்கு, வேலையாள் தம் கையில் உள்ள பொருளுக்கு. படுக்கையில் இருக்கும் மாமியார் உங்கள் அமானிதம். உங்கள் நிலத்தில் வேலை செய்கிறவரின் கூலி உங்கள் அமானிதம். இன்றிரவு விளக்கை அணைக்கும் முன், நம் பொறுப்பில் உள்ள எவருடைய பானையாவது வெறும் தண்ணீரில் கொதிக்கிறதா என்று நினைத்துப் பார்ப்போமா?

கணக்கு என்றதும் பயம் வருகிறதா? பயப்படாதீர்கள். விண்ணரசின் சாவிகளைப் பெற்ற பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்போரம் நின்றுகொண்டு, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர் அவர். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அவரைக் கண்டபோது சாவிகளைத் திருப்பிக் கேட்கவில்லை. கரி நெருப்பு மூட்டி, அப்பமும் மீனும் கொடுத்தார். அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். பிறகு தம் ஆடுகளை அவர் கையிலேயே மறுபடியும் ஒப்படைத்தார்.

நம்மையும் அவர் அப்படித்தான் நம்புகிறார். ஆமென்.