கடைசி வரி

ரவுட்டரின் வழிப் பட்டியலில் 0.0.0.0/0 என்றொரு வரி, டீஃபால்ட் ரூட். முகவரியின் ஒரு பிட்டைக்கூடச் சரிபார்க்காது. அதனால் எந்த முகவரிக்கும் பொருந்தும். ஆனால் ரவுட்டர் எடுத்துக்கொள்வது அதிக பிட்டுகள் பொருந்துகிற வரியை. எல்லாருக்கும் இடம் தரும் இந்த வரியின் முறை, வேறு எதுவும் பொருந்தாதபோதுதான் வருகிறது.

•

இன்டர்நெட்டின் முழுப் பட்டியல், ஐபிவி4-இல் மட்டும், ஒன்பது லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அது ஐந்து லட்சத்துச் சொச்சத்தைத் தொட்டபோதே, அவ்வளவுக்குத்தான் இடம் வைத்திருந்த பழைய ரவுட்டர்கள் பல இடங்களில் திணறின. கல்லூரி விடுதியின் மூன்றாம் மாடி ரவுட்டருக்கு அந்தச் சுமை எதற்கு? தன் வளாகத்து வழிகள் தெரிந்தால் போதும். மற்றதற்கு, வழி கேட்பவருக்கு முக்கு டீக்கடையைக் கைகாட்டுவதுபோல எல்லை ரவுட்டரைக் காட்டிவிடலாம்.

•

எல்லை ரவுட்டரில் ஐ.எஸ்.பி.யை நோக்கி ஒரு ஸ்டேட்டிக் டீஃபால்ட் ரூட். உள்ளே ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ள ஓ.எஸ்.பி.எஃப். ஸ்டேட்டிக் ரூட்டுகளை ரீடிஸ்ட்ரிப்யூட் செய்யச் சொன்னால் சிஸ்கோ ரவுட்டர் மற்றவற்றை உள்ளே அனுப்பும். டீஃபால்ட்டை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதையும் அனுப்ப ‘டீஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். வளாகத்தின் மொத்தப் போக்குவரத்தையும் தன் பக்கம் இழுக்கிற அறிவிப்பு, வேறொரு கட்டளையின் கூட்டத்தோடு தற்செயலாகப் போய்விடக் கூடாது.

சொன்னதும் உள்ளே ஒவ்வொரு பட்டியலிலும் ஓ*இ2 என்ற குறியோடு வந்து உட்காரும். செலவு 1. பக்கத்து ரவுட்டரிலும் 1, ஐந்து ஹாப் தள்ளியிருப்பதிலும் 1. இந்த வகை வெளிவழிக்கு உள்தூரத்தைக் கூட்டுவதில்லை. வாசல் இரண்டு இருந்து இரண்டும் 1 என்றே சொன்னால்தான் எது பக்கம் என்ற பேச்சே வரும்.

•

அதிகம் பேசப்படாத ஒன்று. நமக்குக் கிடைத்திருப்பது 203.0.113.0/24 என்று வைத்துக்கொள்வோம், பயன்படுத்துவது பாதி. சும்மா கிடக்கும் பாதியில் ஒரு முகவரியைத் தேடி வெளியிலிருந்து பாக்கெட் வருகிறது. எல்லை ரவுட்டருக்கு அது தெரியாது. தெரியாததெல்லாம் டீஃபால்ட், ஆகவே ஐ.எஸ்.பி.க்கே திருப்பி விடுகிறது. அங்கே அது நம்முடைய முகவரி, மறுபடி இங்கே. டி.டி.எல். என்ற ஹாப் கணக்கு தீரும்வரை அதே கம்பியில் போக்கும் வரவும். 64 மிச்சமிருந்தால் அறுபது தடவைக்கு மேல். யாராவது வேண்டுமென்றே அனுப்ப ஆரம்பித்தால், கொஞ்சம் பாக்கெட்டே இணைப்பை நிரப்பிவிடும். அந்த /24 முழுவதையும் நல்0 என்ற குப்பைக்கூடைக்குத் தள்ளும் ஒரு ஸ்டேட்டிக் எழுதினால் தீர்ந்தது. பயன்பாட்டில் இருக்கும் துண்டுகள் நீண்ட பொருத்தத்தால் பிழைத்துக்கொள்ளும். மிச்சம் அங்கேயே விழும்.

•

ஐ.எஸ்.பி. இணைப்பு விழுந்தால் ஸ்டேட்டிக் ரூட் போகும். எல்லை ரவுட்டர் தன் அறிவிப்பின் வயதை 3600 நொடிக்கு ஏற்றி, இனி செல்லாது என்று எல்லாருக்கும் பரப்பும். டீஃபால்ட்-இன்ஃபர்மேஷன் கட்டளையின் பின்னால் ‘ஆல்வேஸ்’ சேர்த்திருந்தால் இது நடக்காது. வழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்னிடம் வா என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே வாசல் என்றால் பெரிய தீங்கில்லை. பாக்கெட் உள்ளே சாகாமல் எல்லையில் சாகும், அவ்வளவுதான். இணைப்பு விட்டுவிட்டு வந்தாலும் உள்ளே சலசலப்பு இருக்காது. இரண்டு வாசல் உள்ள இடத்தில் நான் அதைப் போடமாட்டேன்.

•

ஆல்வேஸ் இல்லாமலும் ரவுட்டர் ஏமாறும். நம் போர்ட் இணைந்திருப்பது அதே அறையில் உள்ள ஐ.எஸ்.பி. கருவியோடு. தெருவில் ஃபைபர் அறுந்தாலும் போர்ட் விளக்கு எரியும், ஸ்டேட்டிக் நிற்கும், அறிவிப்பும் நிற்கும். டீஃபால்ட்டை ஐ.எஸ்.பி.யிடமிருந்து பி.ஜி.பி. வழியாக வாங்கினால், அந்தப் பேச்சு அறுந்ததும் ரூட்டும் போய்விடும். அது கிடைக்காத இடத்தில், தொலைவில் ஒரு முகவரிக்குப் பிங் விட்டு, பதில் நின்றால் ஸ்டேட்டிக்கை எடுக்கச் சொல்லலாம். ஆனால் அந்த ஒற்றை முகவரிக்கு /32 ரூட் ஒன்றைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் டீஃபால்ட் போன கணமே பிங்குக்கும் வழி போய்விடும். ஃபைபரை ஒட்டிவிட்டுப் போன பிறகும் டீஃபால்ட் திரும்பி வராது.