காதலும் போட்டியும்: மறுக்கும் உரிமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

உண்மையான அன்பை எவ்வாறு இனங்காண்பது என்னும் வினா மெய்யியலாளருக்கு மட்டும் உரியதன்று. காதலிப்போர் யாவரும் ஏதோ ஒரு வேளையில் அதனைத் தமக்குள்ளே கேட்டிருப்பர். ஆயின், அவ்வினாவை ஒரு போட்டியின் வினாவாக்கி, அதற்குப் பரிசுத் தொகையும் நிர்ணயித்து, தீர்ப்புக் கூறும் பொறுப்பைப் பார்வையாளரிடம் ஒப்படைத்தது அண்மைக்காலத் தொலைக்காட்சியேயாகும். தனியராக வரும் இளைஞரும் யுவதியரும் இணைகளாகச் சேர்ந்து, இணைகளாகவே போட்டியிடும் நிகழ்ச்சிகள் இன்று பல நாடுகளில் ஒளிபரப்பாகின்றன. இவற்றை ஒழுக்கக்கேடு என ஒதுக்குவோர் உளர். வெறும் பொழுதுபோக்கு என விட்டுவிடுவோரும் உளர். இவ்விரு சாராரும் கேளாது விடும் வினா ஒன்றுண்டு. மறுப்போர் தண்டம் இறுக்க வேண்டிய ஓரிடத்தில், ஒருவர் கூறும் சம்மதத்துக்கு என்ன பொருள் இருத்தல் கூடும்? பிரித்தானியாவின் ‘லவ் ஐலன்ட்’ நிகழ்ச்சியை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காதல் துணையைத் தெரிவு செய்வதைக் காட்சிப் பொருளாக்கும் வழக்கம் புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1965இல் ‘த டேற்றிங் கேம்’ தொடங்கியது. பிரித்தானியாவில் 1985 முதல் 2003 வரை ‘பிளைன்ட் டேற்’ ஒளிபரப்பாகியது. திரைக்கு மறுபுறம் அமர்ந்திருக்கும் மூவருள் ஒருவரை, அவர்தம் முகங் காணாது, விடைகளைக் கேட்டே தெரிவு செய்தல் இவற்றின் பொது அமைப்பு. தெரிவு முடிந்ததும் இருவரும் ஒருமுறை உலாச் சென்று வருவர். பின்னர் தத்தம் வீடு திரும்புவர். அவர்கள் காதலித்தே ஆகவேண்டும் என எவரும் வற்புறுத்தவில்லை. 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘பிக் பிரதர்’ வேறொரு முறையைக் கொணர்ந்தது. மூடிய வீடு, எந்நேரமும் நோக்கும் கமராக்கள், வாக்களித்து ஒருவரை வெளியேற்றும் பொதுமக்கள் என்பன அதன் கூறுகள். இவ்விரு மரபுகளும் ஒன்றுசேர்ந்த இடத்திலேயே ‘லவ் ஐலன்ட்’ பிறந்தது எனலாம்.

இந்நிகழ்ச்சி இன்றைய வடிவில் 2015ஆம் ஆண்டு முதல் ஐ.ரி.வி. 2 அலைவரிசையில் ஒளிபரப்பாகி வருகின்றது. ஸ்பெயினுக்குரிய மல்லோர்க்காத் தீவிலுள்ள ஒரு மாளிகையே பெரும்பாலும் இதன் களம். முதல் நாளிலேயே போட்டியாளர் இணைகளாகச் சேர்தல் வேண்டும். இடையிடையே புதியவர்கள் புகுத்தப்படுவர். குறித்த நாள்களில் மீளிணைதல் என்னும் சடங்கு நடைபெறும். அப்பொழுது ஒரு பாலார் மற்றப் பாலாருள் ஒருவரை யாவர் முன்னிலையிலும் பெயர் சுட்டித் தெரிவு செய்வர். எவராலும் தெரிவு செய்யப்படாது எஞ்சுபவர் பொதுவாக வெளியேற்றப்படுவர். பொதுமக்களின் வாக்குகளில் பின்தங்கும் இணைகளுக்கும் அதே கதி நேரலாம். இறுதிவரை நிலைத்து வெல்லும் இணைக்கு 50,000 பவுண் பரிசாகக் கிடைக்கும்.

இவ்விதிகளின் சாரம் எளியது. அங்கு தனிமை என்பது ஒரு நிலையன்று. அது ஒரு குற்றம். வெளியுலகிலே துணையின்றி இருப்பவர் தம் வேலையையும் நண்பரையும் இழப்பதில்லை. அம்மாளிகையிலோ துணையின்மைக்குத் தண்டனை வெளியேற்றமாகும். இதனால் ஒருவரையொருவர் விரும்பாத இருவர், தாம் நட்பின் பொருட்டே இணைந்துள்ளோம் எனக் கூறிக்கொண்டு ஒரு சுற்றைக் கடப்பதும் அங்கு வழக்கமாயிற்று. ஆனால் அத்தகைய நட்பிணைகள் நீடிப்பது அரிது; ஏனெனில் பார்வையாளர் தேடுவது நட்பையன்று.

இந்நிகழ்ச்சிமீது பொதுவாகச் சாட்டப்படும் குற்றம், போட்டியாளர் நடிக்கின்றனர் என்பதாகும். இக்குற்றச்சாட்டு பிரச்சினையின் மேற்பரப்பையே தொடுகின்றது. நடிப்பவர் தாம் நடிப்பதையேனும் அறிவார். உண்மையாக ஒருவரை விரும்பத் தொடங்கியவரின் நிலையே இரங்கத்தக்கது. தம் நெஞ்சில் எழுந்தது அன்பா, வெளியேற்றப்படுவோமோ என்னும் அச்சமா, பரிசின் மீதான ஆசையா என்பதை அவரே பிரித்தறிய இயலாது. இம்மூன்றும் அவரை ஒரே செயலுக்கே தூண்டுகின்றன. மூன்றும் ஒரே சொற்களைப் பேசவைக்கின்றன. மனிதன் தன் நோக்கத்தைத் தானே அறிந்துகொள்வதற்கு, அந்நோக்கம் தன் நலனோடு முரண்படும் ஒரு தருணம் வேண்டும். அத்தருணத்தை இவ்விதிகள் இல்லாதொழிக்கின்றன.

இதற்கு மாறான சான்றெனச் சிலர் இறுதி நிகழ்ச்சியைக் காட்டக்கூடும். பல ஆண்டுகளின் இறுதி நிகழ்ச்சிகளிலே வென்ற இருவரிடமும் ஒவ்வோர் உறை வழங்கப்பட்டது. பணத்துக்குரிய உறையைப் பெற்றவர் அதனைத் துணையுடன் பகிரலாம். முழுவதையும் தாமே எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். பிரித்தானிய நிகழ்ச்சியில் எவரும் முழுத் தொகையையும் தமதாக்கிக் கொண்டதில்லை. அன்பு வென்றது என இதனைக் கொள்ளலாமா? நாடே பார்த்திருக்கத் துணையை வஞ்சித்தவர் அத்தொகையைப் பெறுவார். ஆனால் மக்களின் நல்லெண்ணத்தையும், அந்நல்லெண்ணத்தை நம்பிப் பின்னர் வரும் விளம்பர வருவாயையும் இழப்பார். எனவே பகிர்தல் அன்புடையார்க்கும் உகந்தது. கணக்குப் பார்ப்பார்க்கும் உகந்தது. நல்லவரும் சூழ்ச்சிக்காரரும் ஒரே விடையை எழுதக்கூடிய பரீட்சை எவரையும் பரீட்சிப்பதில்லை. பகிர்ந்தவர்கள் அன்பற்றவர்கள் என்பது இதன் பொருளன்று. அவர்கள் அன்புடையோராயினும் அதனைக் காட்டுவதற்கு அப்பரீட்சை வழி வைக்கவில்லை என்பதே பொருள்.

காதலும் மணமும் எக்காலத்திலே பொருளாதாரத்தினின்றும் விடுபட்டிருந்தன என்று ஒருவர் வினவலாம். இது நியாயமான தடையே. இதற்கு விடை காண ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் 1813ஆம் ஆண்டு நாவலாகிய ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ துணைசெய்யும். மணச் சந்தையின் கொடுமையை அந்நாவல் மறைக்கவில்லை. அதன் ஆடவர் சிலர் ஆண்டு வருமானத்தோடு சேர்த்தே அறிமுகமாகின்றனர். எலிசபெத் என்னும் கதாநாயகி, தன் தந்தையின் சொத்துக்கு வாரிசாக வரவிருக்கும் கொலின்ஸை மணக்க மறுக்கின்றாள். செல்வமும் செல்வாக்கும் மிக்க டார்சியையும் முதன்முறை மறுக்கின்றாள். பின்னர் அவள் டார்சிக்கு அளிக்கும் சம்மதம் பெறுமதியுடையதாவது, முன்னர் மறுக்கத் துணிந்தவள் அவள் என்பதனாலேயே. அவளுடைய தோழி சார்லட்டோ கொலின்ஸை ஏற்றுக்கொள்கின்றாள். ஆயினும் தான் காதலித்ததாக அவள் எவரிடமும் கூறவில்லை. தனக்கு வேண்டியது ஒரு வசதியான இல்லமே என்பதைத் தோழியிடம் வெளிப்படையாகவே சொல்கின்றாள்.

ஈண்டு நோக்கத்தக்க வேறுபாடு இதுவே. சார்லட்டுக்குத் தேவை இருந்தது. ஆனால் உண்மை பேசும் உரிமையும் இருந்தது. ‘லவ் ஐலன்ட்’ மாளிகையிலே சார்லட் வாழ இயலாது. பாதுகாப்புக்காகவே இங்கு இணைந்தேன் என ஒளிவின்றிக் கூறுபவருக்கு வாக்குகள் கிடைப்பது அரிது. தேவையை உண்டாக்கும் விதியே, அத்தேவையால் தாம் இயங்கவில்லை எனப் போட்டியாளர் மெய்ப்பிக்கவும் வேண்டுமென எதிர்பார்க்கின்றது. ஒஸ்ரின் காட்டும் சமுதாயம் பெண்ணின் மறுப்புக்குப் பெரும் விலை கோரியது. அது அச்சமுதாயத்தின் குறை. இங்கோ அவ்விலை பார்ப்போரின் களிப்புக்காகவே திட்டமிட்டு நிர்ணயிக்கப்படுகின்றது.

ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலிலே, மனிதனை எக்காலத்தும் ஒரு நோக்கமாகவும் கொள்ளல் வேண்டும், வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்துதல் தகாது எனும் நியதியை நிறுவினார். அந்நியதி இங்கு எவ்வாறு மீறப்படுகின்றது என்பதற்கு 2018இல் நிகழ்ந்த ஒரு சம்பவம் எடுத்துக்காட்டாகும். தன் துணைவரின் முன்னாட் காதலி வேறோர் இல்லத்துக்கு வந்தமையைக் கண்டு அவர் அதிர்ச்சியுறும் காட்சித் துண்டொன்று போட்டியாளரான ஒரு பெண்ணுக்குக் காட்டப்பட்டது. முன்னும் பின்னும் நிகழ்ந்தவை காட்டப்படவில்லை. அவர் மனமுடைந்து அழுதமை ஒளிபரப்பாகியது. ஒளிபரப்புத் துறையை ஒழுங்குபடுத்தும் ஒவ்கொம் நிறுவனத்துக்கு 2,500க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் சென்றன. அங்கு பொய் எதுவும் சொல்லப்படவில்லை என வாதிடலாம். ஆயின் உண்மையின் ஒரு துண்டை மட்டும் அளித்து, அதனால் விளையும் துயரத்தை நிகழ்ச்சியின் உணவாக்கும்போது, அத்துயரத்துக்குரியவர் வெறும் கருவியாகவே கொள்ளப்படுகின்றார்.

இவர்கள் யாவரும் வயதுவந்தோர், தாமே விரும்பிச் சென்றோர் என்பது வலிமை மிக்க மறுப்பாகும். 1859இல் ஜோன் ஸ்ருவாட் மில் சுதந்திரம் பற்றி எழுதிய நூலின் வழி நின்று நோக்கின், பிறருக்குத் தீங்கு செய்யாத தெரிவிலே சமுதாயம் தலையிடுதல் தவறு. 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு 85,000 பேர் வரையில் விண்ணப்பித்தனர் எனவும், அத்தொகை ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தோரின் தொகையிலும் மிகுதி எனவும் பிரித்தானியப் பத்திரிகைகள் எழுதின. அவ்விளைஞரை அறிவிலிகள் என இகழ்வது எளிது, நேர்மையானது அன்று. புகழே வேலைவாய்ப்பாக மாறிவிட்ட ஒரு பொருளாதாரத்தில் அவர்கள் கண்ட வாய்ப்பு அது. ஆகவே அவர்களின் சம்மதத்தை மதித்தல் வேண்டும். ஆனால் அவர்கள் சம்மதித்தது எதற்கு என்பதையும் வரையறுத்தல் வேண்டும். போட்டியில் பங்குபற்றுவதற்கு முன்கூட்டியே சம்மதம் அளிக்கலாம். ஒருவரை நேசிப்பதற்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தல் இயலாது. மாளிகையில் நுழைந்த ஒருவர் எவர்மீதும் அன்பு கொள்ளாதிருக்கலாம். அதுவும் அவரது உரிமையே. அவ்வுரிமையை விலைக்குரியதாக்கும் விதி, ஒப்பந்தத்தில் இட்ட ஒரு கையெழுத்தால் நியாயமாகிவிடாது.

இந்நிகழ்ச்சியின் பின்விளைவுகள் பற்றிய கவலை வீணானதன்று. முன்னாள் போட்டியாளர் இருவர் 2018இலும் 2019இலும் இளமையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். ஒரு மனிதரின் இறப்புக்கு ஒற்றைக் காரணம் கற்பித்தல் முறையன்று. அவ்விறப்புகளை வாதத்துக்கு ஆயுதமாக்குவதும் தகாது. ஆயினும் 2019இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று இத்தகைய நிகழ்ச்சிகளை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் போட்டியாளருக்குக் குறைந்தது எட்டு உளவளத்துணை அமர்வுகள் வழங்கப்படுமென ஐ.ரி.வி. அறிவித்தது. பங்குபற்றுவோரின் நலன் பேணும் ஒவ்கொம் விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் இவை காயத்துக்கு மருந்திடுகின்றனவேயன்றி, காயப்படுத்தும் விதியைத் தொடவில்லை. தனித்திருப்பவர் தோற்றவர் என்னும் அந்த விதியைத் தொட்டால் நிகழ்ச்சியே இராது.

இதிலே பார்வையாளரின் பங்கு யாது? ரூசோ 1755இல் வெளியிட்ட சமத்துவமின்மை பற்றிய நூலிலே, மனிதர் குடிசைகளின் முன்னும் பெருமரத்தின் அடியிலும் கூடிப் பாடியாடிய ஒரு தொடக்க காலத்தைக் கற்பனை செய்கின்றார். ஒவ்வொருவரும் பிறரை நோக்கவும், பிறரால் நோக்கப்பட விரும்பவும் தலைப்பட்ட அக்கணமே ஏற்றத்தாழ்வின் முதற்படி என்பது அவர் கருத்து. அம்மரத்தடியிலே நோக்கியவரும் நோக்கப்பட்டார். இன்றைய பார்வையாளரோ இருளிலே அமர்ந்திருக்கின்றார். தம் காதலை எவருக்கும் மெய்ப்பிக்க வேண்டிய கடப்பாடு அவருக்கில்லை. அந்நிலையிலிருந்துகொண்டு, இவர்கள் அன்பு உண்மையானதா என அவர் கேட்கின்றார். கையடக்கத் தொலைபேசியால் தீர்ப்பும் அளிக்கின்றார். விடை தர முடியாத ஒரு நிலையிலே மனிதரை நிறுத்தி, விடை கேட்பதும் ஒருவகைக் கொடுமையே. வாக்களிப்பவர் அக்கொடுமையில் பங்காளியாகின்றார்.

இந்நிகழ்ச்சியிற் சந்தித்து, பின்னர் மணம் புரிந்து, பிள்ளைகளோடு வாழும் இணைகளும் உளர் என்பதை மறுத்தலாகாது. அவர்களின் வாழ்வு மேற்கூறிய வாதத்தைப் பொய்ப்பிக்கவில்லை, மாறாக உறுதிப்படுத்துகின்றது. கமராக்கள் அகன்று, வாக்குகள் ஓய்ந்து, பரிசும் செலவான பின்னர், பிரிந்து செல்வதற்குத் தடையேதும் இல்லாத நாளிலே அவர்கள் பிரியாதிருந்தனர். அவர்களின் அன்புக்குரிய சான்று அந்த நாள்களிலே உள்ளதேயன்றி, மாளிகையில் கழித்த வாரங்களிலே இல்லை. எவரும் பாராத அந்நாள்களை ஒளிபரப்புவது எந்த நிறுவனத்துக்கும் இலாபமன்று. அன்பைக் காட்டுவதாக வாக்களிக்கும் நிகழ்ச்சி, அன்பு அன்பாகும் இடத்துக்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. ‘இல்லை’ எனச் சொல்வதற்குத் தண்டம் விதிக்காத சமுதாயமே, ‘ஆம்’ என்ற சொல்லைப் பொருளுடையதாக்க வல்லது.