பழைய தெருவும் ஏழாம் கற்பனையும்

களவை விலக்கும் ஏழாம் கற்பனையை நாம் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனனஞ் செய்தோம். அது எதைக் குறிக்கின்றது என்று கேட்டால், அயலவனின் கோழி, கடைக்காரனின் காசுப்பெட்டி, இரவோடிரவாக ஒரு முழம் அரக்கி நடப்பட்ட எல்லைக் கதியால் என்று அடுக்கிச் சொல்வோம். வேலியை அரக்கியவன் பூசைக்கு வந்து முன்வரிசையில் முழந்தாளிட்டால், ஊர் அவனைப் பார்க்கும் பார்வையே வேறு. ஆனால் ஒரு மலையை உடைத்துத் தெருவில் பரப்பி, அத்தெரு தேய்ந்ததும் அதை அப்படியே புதைத்துவிட்டு, இன்னொரு மலையை உடைக்கப் போகும்போது, அதில் களவு ஏதும் உண்டோ என்று எவரும் கேட்பதில்லை. தெருப் போடுவதற்கும் மனச்சாட்சிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வியக்கக்கூடும். சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம.

தெரு என்பது எதனால் ஆனது? நாம் தார் றோட்டு என்றும் இக்காலத்தில் காப்பெற் வீதி என்றும் அழைப்பதில் தார் மிகச் சொற்பம். நிறையிற் கணக்கிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு கல்லும் மணலும் கற்றூளும். எஞ்சிய 5 பங்கே தார். ஒரு கிலோமீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்ட வீதிக்கு 5 சென்ரிமீற்றர் தடிப்பில் காப்பெற் விரித்தால் 300 கனமீற்றர் வேண்டும். நிறையில் அது 700 தொன் அளவில் வரும். பத்துத் தொன் ஏற்றும் லொறிகள் 70 எனலாம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் பூமி. நம் ஒழுங்கைகளுக்கு மக்கி தந்தது அதுவே. கன வாகனங்களைத் தாங்கும் மேற்பரப்புக்கு வேண்டிய கருங்கல் இங்கு இல்லை. வன்னியிலும் அதற்கப்பாலும் பாறைக்கு வெடிவைத்துப் பிளந்து கொண்டுவருகிறார்கள். தாரோ மசகெண்ணெய் வடித்தபின் எஞ்சுவது. பெரும்பாலும் அந்நியச் செலாவணி கொடுத்துக் கப்பலில் தருவிப்பது. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது எத்தனை வீதி வேலைகள் பாதியில் நின்றன என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பத்துப் பதினைந்து வருடங்களில் அவ்வீதி வெடிக்கின்றது, குழி விழுகின்றது. பழுதாகிவிட்டது என்கிறோம். எது பழுதானது? கல் அன்று. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த கல், பதினைந்து மாரியில் கிழடாகிவிடாது. தாரும் அழிந்துவிடவில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஒட்சிசனும் பட்டு இறுகிவிட்டது, அவ்வளவே. போத்தலில் நாட்பட இறுகிய பனம்பாணியை மெல்லச் சூடாக்கிச் சிறிது புதுப்பாணி கலந்தால் இளகுவதுபோல, பழைய தார்க்கல்லைச் சுரண்டியெடுத்துச் சூடாக்கி, இளகிய புதுத் தாரோ அதற்கென உள்ள எண்ணெயோ அளவாகச் சேர்த்தால், அது மறுபடியும் தெருவாகின்றது. இது கற்பனைக் கதையன்று. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்காவில் இம்முறை ஊக்கமாக வளர்ந்தது. இன்று அங்கு பெயர்க்கப்படும் பழைய தார்க்கல்லின் மிகப் பெரும்பகுதி மீண்டும் வீதிக்கே போகின்றது. யப்பான் 2000ஆம் ஆண்டில், கட்டட வேலைகளில் கழியும் கொங்கிறீற்றையும் தார்க்கல்லையும் மரத்தையும் மீள்பயன்படுத்த வேண்டும் என்று சட்டமே இயற்றியது.

நாம் செய்வது என்ன? பழையதன் மேலேயே புதியதை விரிக்கிறோம். அடித்தளம் பலமிழந்த இடத்தில் அப்படி விரிப்பது சிலவேளை அவசியந்தான். பொறியியலாளர் அதற்கு நியாயம் வைத்திருப்பர். ஆனால் பழக்கமென்றும் சுலபமென்றும் மேலும் மேலும் விரித்தால், மூன்று நான்கு முறையில் தெரு அரை அடிக்கு மேல் உயர்ந்துவிடும். தெரு உயர்ந்தால் வீடு தாழ்கின்றது. மாரி மழை தெருவில் நிற்காது. படலைக்குள்ளால் முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து அடுப்படிக்கும் வருகின்றது. வசதியுள்ளவர் வளவுக்கு மண்ணடித்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுவார். அவர் தள்ளிய வெள்ளம் அயலிலுள்ள ஏழையின் வளவுக்குப் போகும். தமிழ்நாட்டில் இத்தொல்லை மிகுந்து, பழைய மேற்பரப்பைச் சுரண்டி அகற்றிவிட்டே புதிது போடவேண்டும், வீடுகளின் மட்டத்தைவிடத் தெரு உயரலாகாது என்று 2021இல் அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிட நேர்ந்தது. வேலியை ஒரு முழம் அரக்குவது களவென்றால், ஒருவனுடைய வாசலை அரை அடி பள்ளத்தில் தள்ளுவதற்கு என்ன பெயர்?

மறுமுனையில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். பள்ளங்கள் நிரம்பவும் மலைகள் தாழவும் ஆண்டவருக்கு ஒரு பெருவழி அமைவதை இசையாஸ் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்டார். நாம் அத்தரிசனத்தின் பாதியை மட்டும் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுகிறோம். மலைகள் தாழ்கின்றன, பள்ளங்கள் நிரம்புவதில்லை. கல் உடைக்கும் இடத்தருகே வாழ்பவர் வெடியதிர்வில் வெடித்த சுவரையும், தூசு படிந்த கிணற்றையும், நாள் முழுவதும் ஓடும் லொறிகளையும் சகித்துக்கொள்ள வேண்டியவர்கள். அந்த வீதியில் அவர்கள் பயணஞ் செய்வதும் அரிது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் தொழிற்சாலையோடு மறைந்துவிடவில்லை. நம் குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் மழைநீர் என்பதை அறிந்தவர்க்கு, ஆழமான ஒவ்வொரு குழியும் எவ்வளவு பாரதூரமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். அயலவனுக்குச் செய்யும் தீங்கு விளங்குகின்றது. ஆனால் இன்னும் பிறவாதவனிடம் களவெடுக்க முடியுமா? அவனுக்குப் பெயரில்லை, உறுதியில்லை, வழக்குப்போட வழியில்லை. இல்லாதவனுக்கு உரிமை ஏது என்று வாதிடும் அறிஞர் பலர் உளர். வாதத்தில் அவர்களை மடக்குவது இலேசுமன்று.

எனினும் இதற்கு விடை நம் வீட்டிலேயே இருக்கின்றது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்தெழுதிய நமது தேசவழமை, பெற்றார் வழிவந்த முதுசத்தையும் ஒருவர் தம் உழைப்பால் ஈட்டிய தேடியதேட்டத்தையும் வேறுவேறாக வகுத்து வைத்தது. தேடியதேட்டத்தை ஒருவர் தம் விருப்பப்படி செலவிட்டால் ஊர் பெரிதாகக் குறை சொல்லாது. முதுசத்தைக் குடித்து அழித்தவனை மன்னிக்கவே மன்னிக்காது. முதுசக் காணியை விற்பதற்குமுன் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும் என்றும் வழமை இருந்தது. பேரப்பிள்ளை பிறக்குமுன்னரே அப்பிள்ளைக்கு ஒரு பங்கு உண்டென்பது நம் பாட்டன்மாருக்குத் தத்துவ விசாரமாகத் தோன்றவில்லை. குடும்ப மரியாதையாகவே தோன்றியது. கருங்கல் மலையை எவர் தேடினார்? எவரும் தேடவில்லை. அது முழு முதுசம். அதை வெட்டும் உரிமைப்பத்திரம் இன்றைய அரசு தரலாம். அறிவித்தல் போய்ச் சேராத பங்காளிகள் நாளை வருவார்கள்.

திருச்சபையின் போதனையும் இதற்குத் தூரமானதன்று. மனிதன் பொருள்களைத் தனக்கென மட்டுமல்ல, பொதுவுக்கும் என்ற மனத்தோடே வைத்திருக்க வேண்டும் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கற்பித்தார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில், இயற்கையில் ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவாகிறது, நமது கைத்தொழிலோ அந்தச் சுழற்சியை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று வருந்தினார். அப்பம் பலுகிய புதுமையை அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தில் வாசிக்கும்போது நான் எப்போதும் தரித்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் போதுமாக்க வல்லவர், மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி ஏன் சீடருக்குப் பணித்தார்? நாளைக்கும் அவரால் பலுகச் செய்ய முடியாதா? பற்றாக்குறைக்கு அஞ்சி அவர் அப்படிச் செய்யவில்லை என்பது தெளிவு. பன்னிரண்டு கூடை துண்டுகளும் மற்ற அப்பங்களைப்போல் கொடையே. மிஞ்சியது என்பதால் அது குப்பையாகிவிடவில்லை.

மீள்பயன் என்றவுடன் அனைத்தும் புண்ணியமாகிவிடும் என்று நான் கூற வரவில்லை. 1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோவிலை இடித்தனர். அந்தக் கல் கோட்டைக்குப் போனது என்பது யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்லப்படுவது. கல் வீணாகவில்லை என்று அதற்காக எவராவது மெச்சுவரோ? நம் மதத்தவர் செய்த அநீதி அது. ஆகவே கல் எவருடையது, எப்படி வந்தது என்ற கேள்வி முன்னே வரவேண்டும். சிக்கனம் அதற்குப் பின்னரே. இக்காலத்திலும் இக்கேள்வி பொருந்தும். சுரண்டியெடுத்த பழைய தார்க்கல் பொதுமக்களின் சொத்து. அது எந்த லொறியில் ஏறி எவருடைய காணிக்குப் போகின்றது என்று கணக்கு வேண்டும். சோதித்துப் பாராமல் பழையதைக் கலந்து, புதியதற்கான காசை வாங்கினால் அது பச்சைக் களவு.

பிளாஸ்ரிக் கலந்த வீதியைப் பற்றியும் கேட்பார்கள். மதுரைப் பேராசிரியர் வாசுதேவன் கழிவுப் பிளாஸ்ரிக்கை உருக்கிக் கல்லின்மேற் பூசித் தாருடன் சேர்க்கும் முறையைக் கண்டு, 2018இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நல்ல முயற்சியே. வீதி தேயும்போது அந்தத் துகள் வாய்க்கால் வழியே கடலேரிக்குப் போகுமோ என்ற ஐயமும் அறிவியலாளரிடையே உண்டு. எனக்கு இன்னொரு பயமும் உண்டு: பையெல்லாம் தெருவாகிவிடுமே என்று மனச்சாட்சி ஆறி, நாம் இன்னும் கூடுதலாகப் பை வாங்கப் போகிறோம்.

இவை பணக்கார நாடுகளின் வேலை, சுரண்டும் இயந்திரம் வாங்க நமக்கு வக்கில்லை என்பது அடிக்கடி கேட்கும் மறுமொழி. இயந்திரம் விலையுயர்ந்ததுதான். ஆனால் பழைய வீட்டின் ஓட்டையும் வளையையும் கதவுநிலையையும் கழற்றிப் புதுவீட்டுக்கு வைத்தவர்கள் நாமே. யுத்தகாலத்தில் இடிந்த சுவரின் கல்லைப் பொறுக்கி மறுபடி அறை கட்டியவர்களும் நாமே. இதைப் பணக்காரரிடமிருந்து கற்கவேண்டிய நிலையில் நாம் இல்லை. அன்றியும், மிகச் சிறந்த மீள்பயன் இயந்திரமே வேண்டாதது. தெருவைச் சாகவிடாமல் வைத்திருப்பதே அது. தெருவின் முதற் சத்துரு தண்ணீர். சிறு வெடிப்பினூடே இறங்கும் நீர் அடித்தளத்தை இளக்கிவிட, அதன்மேல் சில்லு ஏறும்போது குழி விழுகின்றது. வெடிப்பை அடைப்பதற்கும் வாய்க்காலை வெட்டிவிடுவதற்கும் ஆகும் செலவு, புது வீதியின் செலவில் சிறு துளி. 1848இல் ஆங்கில அரசு வருடத்தில் ஆறு நாள் தெருவேலை செய், இல்லையேல் காசு கட்டு என்று ஆண்களைக் கட்டாயப்படுத்தியது. கொடிய வரி, மக்கள் கொதித்தெழுந்ததும் நியாயம். ஆனால் இன்று எவரும் கட்டாயப்படுத்தாமலே, வாசலுக்கு முன்னுள்ள வாய்க்காலில் குரும்பையும் பொலித்தீனும் கொட்டி மூடிவிட்டு, மழை வந்ததும் பிரதேச சபையைத் திட்டுகிறோம். மதகின்மேல் மதில் எழுப்பியவர்களும் நம்மிடையே உண்டு.

அடுத்தமுறை கிராம அபிவிருத்திச் சங்கமோ கோவிற்பற்றுச் சபையோ தெரு வேண்டுமென்று மகஜர் எழுதும்போது மேலும் இரண்டு வரி சேர்க்கலாம்: பழைய மேற்பரப்பைச் சுரண்டுவார்களா, அன்றி அதன்மேலேயே விரிப்பார்களா? சுரண்டினால் அந்தக் கல் எங்கே போகும்? எழுதுமுன், மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்து, ஒழுங்கையிலுள்ள ஒவ்வொரு வீட்டு வாசலும் இப்போதே தெருவுக்கு எத்தனை அங்குலம் கீழே நிற்கிறது என்று அளந்து, அந்தக் கணக்கையும் மகஜரோடு இணைத்துவிடுவது நல்லது.