காணாத மாணவனும் கற்பிப்போன் கடமையும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் நடுப்பகுதியில், கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக, இலங்கையின் பல்கலைக்கழகங்கள் யாவும் மூடப்பட்டன. அதுகாறும் வெண்கட்டியையும் கரும்பலகையையும் நம்பி வாழ்ந்த விரிவுரையாளர்கள், சில வாரங்களுள் கணினித் திரையின் முன் அமர்ந்து பாடஞ் சொல்லத் தலைப்பட்டனர். ஸூம் என்னும் செயலியில் வகுப்பைக் கூட்டுவது எங்ஙனம், மூடில் தளத்திற் குறிப்புகளை ஏற்றுவது எங்ஙனம், விரிவுரையைப் பதிவு செய்வது எங்ஙனம் என்று அவசர அவசரமாகப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு அரச பல்கலைக்கழகங்களுக்கு வேண்டிய வசதியைச் செய்து கொடுத்தது. தொலைபேசிக் கம்பனிகளும் சில காலம் பல்கலைக்கழகத் தளங்களுக்குக் கட்டணமின்றி வழிவிட்டன. வறிய நாடொன்று குறுகிய காலத்துட் செய்து முடித்த காரியம் என்ற வகையில் இது சிறிதன்று. அதனைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை.

ஆயின் அவசரம் கழிந்த பின்னரும் அப்பயிற்சியின் உள்ளடக்கம் பெரிதும் மாறவில்லை. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது மீண்டும் இணையவழி வகுப்புகள் வந்தன, செயலமர்வுகளும் வந்தன. இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றி அதே மண்டபங்களில் அதே முறையிற் சொல்லிக் கொடுக்கிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது திறக்கும் என்பதே பாடம். ஈற்றில் ஒரு சான்றிதழ். இப்பயிற்சி போதுமா என்று கேட்போர் பலர். நாம் கேட்க விரும்பும் வினா வேறு. தம் கண்ணுக்குப் புலப்படாத மாணவனுக்கு விரிவுரையாளர் எவ்வகையிற் கடமைப்பட்டுள்ளார்? அக்கடமையைக் கற்பிக்காத ஒன்றை ஆசிரியப் பயிற்சி என அழைத்தல் தகுமா?

நம்மவருட் சிலர் இவ்வினாவை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவர். இணையவழிக் கல்வியே முதலாளித்துவத்தின் சூழ்ச்சி, அதனைக் கற்றுக்கொள்ளாமையே முற்போக்கு என்பது அவர்கள் வாதம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. பொறியை உடைத்தமையால் விடுதலை பெற்ற தொழிலாளி எவனும் வரலாற்றில் இல்லை. மேலும், 1980இல் இந்நாட்டில் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம், பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு இரவிற் படிக்கும் எத்தனையோ பேருக்குப் பட்டத்தை எட்டச் செய்திருக்கிறது. தொலைவிலிருந்து கற்பித்தல் என்பது தன்னளவில் மக்கள் விரோதமானதன்று. விரிவுரையாளர் கற்கத்தான் வேண்டும். எதைக் கற்க வேண்டும் என்பதிலேதான் தகராறு.

இத்துறை சார்ந்த அறிஞர்களும் இதனை ஒருவாறு உணர்ந்தேயிருந்தனர். பாடத்தை அறிந்தவன் எல்லாம் பாடஞ் சொல்ல வல்லவன் அல்லன். ஒரு பாடத்தை எவ்வாறு சொன்னால் விளங்கும் என்பதே தனியான ஓர் அறிவு என்று 1986இல் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் எடுத்துக் காட்டினார். 2006இல் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஸ்ராவும் மத்தியூ கோஹ்லரும் அதனோடு தொழில்நுட்பத்தை இணைத்தனர். பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு என்னும் மூன்று வட்டங்கள்; அவை ஒன்றையொன்று வெட்டும் நடுவிடமே ஆசிரியன் நிற்க வேண்டிய இடம். ஆசிரியப் பயிற்சி பற்றிய நூல்களில் இப்படத்தைக் காணாதார் அரியர். அப்படத்தைச் சுற்றிப் புள்ளிக் கோட்டினாலான பெரிய வட்டம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் சூழல். மாணவனின் வீடும் தந்தையின் கூலியும் ஊரின் மின்சாரமும் எல்லாம் அப்புள்ளிக் கோட்டில் அடங்கிப் போயின! சூழலை அறிவதும் ஆசிரியனுக்கு வேண்டிய அறிவே என்று மிஸ்ரா தம் படத்தைத் திருத்தியது 2019இல். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. நம் செயலமர்வுகள் அத்திருத்தத்தை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

இதிற் புதுமை யாதுமில்லை என்று பண்டிதர் கூறலாம். கற்பவன் எவ்வாறு உள்வாங்குவான் என்பதைத் தெரிந்துகொண்டே பாடஞ் சொல்ல வேண்டுமென நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியனுக்கு விதித்துள்ளது. உண்மைதான். ஆனால் அதே பாயிரம், யார் யாருக்குக் கற்பிக்கலாகாது என்றும் ஒரு பட்டியல் தருகின்றது. கள்வனோடு பிணியாளனும் அதில் வெளியே நிறுத்தப்படுகிறான். மந்த புத்தியுடையோனும் அவ்வாறே. எனவே வெளியே நிறுத்துதல் என்பது கணினி வந்த பின்னர் நேர்ந்த புதுமையன்று. முன்னர் யாரை நிறுத்துகிறோம் என்பதைச் சொல்லிவிட்டு நிறுத்தினர். இப்பொழுது நிறுத்துகிறோம் என்பதை அறியாமலே நிறுத்துகிறோம்.

இதனைச் சற்று விரிவாக நோக்குதல் நன்று. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, இலங்கையிற் கணினியோ மடிக்கணினியோ உள்ள குடும்பங்கள் ஏறத்தாழ 22 வீதம். தோட்டப்புறத்தில் அவ்வீதம் இன்னும் எவ்வளவோ தாழ்ந்தது. ஆகவே பெரும்பாலான மாணவர்க்கு வகுப்பறை என்பது உள்ளங்கையளவான கைத்தொலைபேசியே. விரிவுரையாளர் தம் மடிக்கணினியில் அழகுறத் தயாரித்த அட்டவணை, அக்கைத்தொலைபேசியில் எறும்பு ஊர்ந்த தடம் போலத் தோன்றும். அதே தொலைபேசி தம்பியின் பள்ளிப் பாடத்துக்கும் வேண்டும். தாய் தந்தையரின் அலுவல்களுக்கும் வேண்டும்.

அடுத்து டேட்டா. குரலை மட்டும் அனுப்புவதாயின் மணித்தியாலத்துக்குச் சுமார் 30 மெகாபைட்டு போதும். தாழ்ந்த தரத்திலேனும் காட்சியையும் சேர்த்து அனுப்பினால் அது சில நூறாகிவிடும். இரண்டு மணித்தியால விரிவுரை, நாளுக்கு இரண்டு, வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயளவில் நின்ற காலம் அது. 2022 செப்டெம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் 20 வீதத்தால் உயர்த்தப்பட்டன. விரிவுரையாளர் தம் முகத்தைத் திரையிற் காட்டுவதா, குரலோடு நிறுத்துவதா என்ற முடிவு வெறும் தொழில்நுட்ப முடிவன்று. ஒரு வீட்டின் செலவுக் கணக்கில் அவர் கைவைக்கிறார். எந்தச் செயலமர்விலாவது இக்கணக்கு கரும்பலகையில் எழுதப்பட்டதுண்டா?

இவற்றுக்கெல்லாம் மேலாக, அலைவரிசை. 2021இல் ஊவா மலைப்புறத்தில் மாணவர்கள் சமிக்ஞை தேடிப் பாறைகளின் மீது ஏறியமர்ந்து படிக்கும் காட்சியைச் செய்தி நிறுவனங்கள் உலகெங்கும் வெளியிட்டன. பலர் அதனைக் கண்டு மாணவரின் விடாமுயற்சியை வியந்து பாராட்டினர். அப்பாராட்டு எமக்கு அருவருப்பையே தந்தது. மழை பெய்தால் பாறையில் இருக்க முடியாது. மாலை மயங்கிய பின் ஒரு பெண்பிள்ளை தனியே அங்கு இருக்க எந்தத் தாய் விடுவாள்?

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை இவ்விடயம் இன்னும் ஆழமானது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குன்றிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அதனாலேயே கிளிநொச்சி விவசாயியின் மகனும் கொழும்பு வைத்தியரின் மகளும் ஒரே வாங்கில் அமர நேர்கிறது. விடுதியின் மின்விளக்கு, நூல்நிலைய மேசை, சிற்றுண்டிச்சாலைத் தேநீர் ஆகிய இவை எல்லாருக்கும் பொது. சமத்துவத்தை அங்கு யாரும் போதிப்பதில்லை. கட்டடமே ஓரளவு அதனைச் செய்து வைக்கிறது. வளாகம் மூடப்பட்ட நாளிலே ஒவ்வொருவரும் தத்தம் வர்க்கத்துக்குத் திரும்பிச் சென்றனர். ஒருத்திக்குத் தனியறை, மற்றவனுக்கு இருவரோ மூவரோ உறங்கும் திண்ணை, இன்னொருத்திக்கு லயன் அறை. முன்பு விரிவுரை மண்டபமே செய்து தந்ததை இனி விரிவுரையாளர் தாமே அறிந்து செய்ய வேண்டியிருக்கிறது. அவரது கடமை இணையவழியில் மிகுகின்றதேயன்றிக் குறையவில்லை என்று நாம் சொல்வது இதனாலேதான்.

படப்பிடிப்புக் கருவியைத் திறந்து வைக்குமாறு மாணவரைக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வியை இவ்விடத்தில் எடுத்துக்கொள்வோம். பெயர் எழுதிய கறுப்புச் சதுரங்களை நோக்கி இரண்டு மணித்தியாலம் பேசுவது கொடுமையே. அதனை அனுபவித்தவர் அறிவர். எதிரே இருப்பவன் விழித்திருக்கிறானா, விளங்கிக்கொண்டானா, இருக்கிறானா என்பதே தெரியாது. தேர்வு எழுத 80 வீத வரவு வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. ஆயினும் மண்டபத்தில் மாணவனின் முகத்தைக் காணும் உரிமை நமக்கு இருந்ததேயன்றி, அவன் வீட்டுச் சுவரைக் காணும் உரிமை என்றும் இருந்ததில்லை. சுவரின் வெடிப்பையும், கொடியில் தொங்கும் துணியையும், பின்னால் இருமும் பாட்டியையும் வகுப்பு முழுவதற்கும் காட்டுமாறு கேட்பது, அவன் வறுமையை வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடச் சொல்வதாகும். அவனது குரலைக் கேட்கலாம். இரண்டு வரி எழுதி அனுப்பக் கேட்கலாம். தொலைபேசியிற் தனியே அழைத்துப் பேசலாம். அதற்கு மேற்சென்று கேட்கும் உரிமை கற்பிப்போனுக்கு இல்லை என்பதே எம் முடிவு.

அவ்வாறாயின் பயிற்சி எங்கே தொடங்க வேண்டும்? மாணவன் இருக்கும் இடத்திலிருந்து. விரிவுரையாளர்களைக் குளிரூட்டிய கணினிக்கூடத்தில் அமர்த்திக் கற்பிப்பதை விட்டு, மலிவான கைத்தொலைபேசி ஒன்றையும் ஒரு மாதத்துக்கென அளந்து விட்ட டேட்டாவையும் கையிற் கொடுத்து, அவர்களை ஒரு பாடநெறியின் மாணவர்களாக்க வேண்டும். டேட்டா தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒப்படையை அத்தொலைபேசியிலேயே தட்டச்சுச் செய்து அனுப்ப வேண்டும். இணைப்பு அறுந்து வெளியே விழுந்தவருக்கு வரவு இல்லை என்று அறிவிக்க வேண்டும். ஒரு வாரத்துள் அவர்கள் கற்றுக்கொள்வதை எந்த விளக்கவுரையும் கற்பித்துவிடாது. இரண்டு மணித்தியாலத் தொடர் பேச்சு பயனற்றது என்பதைத் தாமே கண்டுகொள்வர். பத்து நிமிடக் குரற்பதிவும் நான்கு பக்கக் குறிப்பும் ஒரு கேள்வியும், மாணவன் தனக்கு வாய்த்த நேரத்தில் இறக்கிப் படிக்கத்தக்கதாய் இருத்தல் எவ்வளவு பெரிய வசதி என்பதையும் உணர்வர். நேரலைக் கூட்டத்தை விவாதத்துக்கென வைத்துக்கொண்டாற் போதும். சிலர் பொறுமையிழந்து கோபிப்பர். பேராசிரியர்கள் முதலிற் கோபிப்பர். அக்கோபமும் பாடத்தின் பகுதியே.

இதுகாறும் விரிவுரையாளரின் கடமையைப் பற்றியே பேசினோம். பயிற்சி அளிப்போரின் கடமை பற்றி வாய் திறவாதிருப்பின் அது நீதியாகாது. பயிற்சி என்ற பெயரில் ஒரு பொறுப்பு மெல்லக் கைமாறுவதை நாம் காண்கிறோம். கருவியும் இணைப்பும் தருவது அரசின் கடமை. அதனைச் செய்யாமல், ஆசிரியனுக்கு இரண்டு நாட் பயிற்சி கொடுத்துவிட்டால், பின்னர் நேரும் தோல்வியெல்லாம் அவன் தோல்வியாகிவிடுகின்றது. 2021 ஜூலையில் நாடெங்கும் பாடசாலை ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தனர். சம்பள முரண்பாடே அப்போராட்டத்தின் அடிப்படை. ஆயினும் அதற்கு முந்திய ஓராண்டுக்கும் மேலாகப் பல ஆசிரியர்கள் தம் சொந்தத் தொலைபேசியையும் சொந்தப் பணத்தையும் கொண்டே கற்பித்து வந்தனர் என்பதை மறத்தலாகாது. உற்பத்திக் கருவியைத் தொழிலாளியே வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று எந்த ஆலை முதலாளியும் கேட்கத் துணியான். அப்போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. பிள்ளைகளின் கல்வியைப் பணயம் வைத்தனர் என்று ஆசிரியரைத் தூற்றியோர், அப்பிள்ளைகளுட் பலர் அதற்கு முன்னரே வகுப்பில் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தாரல்லர்.

பதிவு செய்த விரிவுரையின் கதை இன்னும் விசித்திரமானது. 2021 ஜனவரியில், கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள கொன்கோர்டியாப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர், தமக்கு இணையவழியிற் கலை வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர் பிரான்சுவா மார்க் கன்யோனுக்கு மின்னஞ்சல் அனுப்ப எண்ணி முகவரியைத் தேடினார். அவர் 2019இலேயே காலமாகிவிட்டார் என்பது அப்பொழுதுதான் தெரிய வந்தது. பதிவுகள் மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருந்தன. உயிரோடிருந்த வேறு இருவர் விடைத்தாள்களைத் திருத்தி வந்தனர். இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பின் மேல் ஏறியிருந்து ஆள்கிறது என்று மார்க்சு எழுதியதை உருவகம் என்றே நம்மிற் பலர் கொண்டிருந்தோம். தம் குரல் யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டுக்கு, ஒப்பந்த விரிவுரையாளரை நீக்கிய பின்னரும் அவர் பதிவை ஓட்டலாமா என்பவற்றைக் கேட்டு எழுத்தில் விடை பெறும் வழி, பதிவு செய்யும் பொத்தானைக் காட்டிக் கொடுக்கும் அதே வகுப்பிற் சொல்லித் தரப்பட வேண்டும். நிர்வாகம் அதனைச் சொல்லித் தரும் என எதிர்பார்ப்பது பேதைமை. ஆசிரியர் சங்கங்களே பயிற்சியின் பாடத்திட்டத்தில் இடம் கேட்டு நுழைய வேண்டும்.

மாணவர் சங்கங்களும் நுழைய வேண்டும். தகுதிகாண் விரிவுரையாளர் தம் பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு முன் பயிற்சி நெறியொன்றை முடிக்க வேண்டுமென்பது விதி. அந்நெறியில் வளவாளராக வந்து பேசுவோர் யார் யாரென நோக்கினால், பேராசிரியர் வருவர், கணினி வல்லுநர் வருவர், சில வேளை கம்பனிப் பிரதிநிதியும் வருவர். பதுளைத் தோட்டமொன்றின் லயனிலிருந்து இரண்டாண்டு காலம் கைத்தொலைபேசியிற் பட்டப்படிப்புப் படித்து முடித்த மாணவி ஒருத்தியை அழைத்து, ஒரு மணித்தியாலம் அவளைப் பேச விட்டு, முன்வரிசையிலிருந்து குறிப்பெடுத்துக்கொள்ளும் விரிவுரையாளரை நாம் இன்னும் காணவில்லை. அவளுக்கு அன்றைய பேருந்துக் கட்டணத்தையும், மற்ற வளவாளருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவையும் கொடுக்க வேண்டும்.